இரண்டாண்டில் முடியும் ஆய்வா இது?

2025 அக்டோபர் 1-ஆம் தேதி தில்லியில் கூடிய மத்திய அமைச்சரவை ஒரே நாளில் பல முடிவுகளை எடுத்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 3 சதவீத அகவிலைப்படி உயர்வு, 57 புதிய கேந்திரீய வித்யாலயப் பள்ளிகள், ராபி பருவப் பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை, பருப்பு உற்பத்தியில் தன்னிறைவு காண 11,440 கோடி ரூபாய்த் திட்டம் என்று நீண்ட அந்தப் பட்டியலின் நடுவே, 1,500 கோடி ரூபாய்க்கான இன்னொரு முடிவும் இருந்தது. உயிரி மருத்துவ ஆராய்ச்சிப் பணித் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கான ஒப்புதல் அது. அகவிலைப்படி பெற்ற கவனத்தை அது பெறவில்லை. பெற்றிருந்தால்தான் வியப்பு.

மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. 2008-09-இல் தொடங்கப்பட்டது. ஐதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட 'இந்தியா அலையன்ஸ்' அமைப்பு இதை நிர்வகிக்கிறது. முதல் கட்டத்தில் இரு தரப்பும் சரிபாதி கொடுத்தன. இரண்டாம் கட்டத்தில் இந்தியா இரண்டு பங்கு, வெல்கம் ஒரு பங்கு என்று மாறியது. மூன்றாம் கட்டத்திலும் அதே கணக்குதான்: இந்தியாவின் பங்கு 1,000 கோடி, வெல்கம் தருவது 500 கோடி. முதல் இரு கட்டங்களில் 2,388 கோடி ரூபாய் செலவில் 724 நல்கைகள் வழங்கப்பட்டதாக அரசு கூறியுள்ளது. இனி 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுக்கும் பயிற்சி கிடைக்கும் என்பது அரசின் எதிர்பார்ப்பு.

வரவேற்கத் தக்க முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால், இந்தப் பணம் போய்ச் சேரவேண்டிய மனிதர் யார், அவர் எங்கே, எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டுமானால் தில்லியை விட்டு பெங்களூருக்குப் போக வேண்டும்.

உயிரி மருத்துவ ஆய்வில் பெங்களூருக்கு இணையான நகரங்கள் இந்தியாவில் மிகச் சில. 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமான தேசிய உயிரியல் அறிவியல் மையம், அதன் வளாகத்தை ஒட்டியே 2009-இல் உருவான ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனமான 'இன்ஸ்டெம்', ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆராய்ச்சி மையம், நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம், பொம்மசந்திராவில் மஜும்தார் ஷா பெயரிலான புற்றுநோய் மருத்துவமனையும் ஆய்வு மையமும் என்று வரிசை நீள்கிறது. 1973-இல் தொடங்கப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் கர்நாடகத்தின் ஏழை நோயாளிகளுக்கு மட்டுமன்றி, ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் தமிழக நோயாளிகளுக்கும் புகலிடம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் புற்றுநோய் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் பணியின் தலைமையகமும் பெங்களூருதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நோய்த் தகவலியல் மையம் அங்கிருந்துதான் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. 1982-இல் மும்பை, சென்னை, பெங்களூரு ஆகிய மூன்று நகரங்களில்தான் மக்கள்தொகை அடிப்படையிலான முதல் பதிவேடுகள் இந்தத் திட்டத்தின்கீழ் அமைந்தன. சென்னையில் அந்தப் பணி அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கும் பெங்களூரில் கித்வாய்க்கும் போயிற்று. 2022-ஆம் ஆண்டில் நாட்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14,61,427 பேர் என்று அந்தப் பதிவேடு மதிப்பிட்டது. இந்தியரில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்நோய் வரலாம் என்பதும் அதே மதிப்பீடு.

இத்தனை நோயாளிகளும் இத்தனை ஆய்வு நிறுவனங்களும் உள்ள ஊரில், இரண்டுக்கும் இடையே நிற்கவேண்டிய மனிதர்தான் ஆய்வகங்களில் 'போஸ்ட் டாக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். வழக்குரைஞர் தொழிலில் ஜூனியர் எப்படியோ ஏறக்குறைய அப்படி. பட்டம் பெற்றாகிவிட்டது, ஆனால் சொந்த அலுவலகம் இல்லை. பேராசிரியரின் பெயரில் நடக்கும் ஆய்வகத்தில் கடினமான சோதனையைத் தன் கையால் செய்பவர், முனைவர் பட்ட மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பவர், இரவு பதினொரு மணிக்கு செல் வளர்ப்பு அறையில் விளக்கை அணைப்பவர் எல்லாம் இவரே. மேலைநாடுகளில் புற்றுநோய் ஆய்வின் முதுகெலும்பு இவர்கள். இந்தியாவிலோ பல ஆய்வகங்கள் முனைவர் பட்ட மாணவர்களை நம்பியே ஓடுகின்றன. மாணவன் பட்டம் பெற்றதும் கற்ற வித்தையோடு விமானம் ஏறிவிடுகிறான். அடுத்து வருபவன் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறான்.

விமானம் ஏறுவதில் தவறில்லை. ஏறியவர்கள் பலர் திரும்பி வந்து சாதித்திருக்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் மார்பகப் புற்றுநோய் குறித்து ஆய்வு நடத்தும் அன்னபூர்ணி ரங்கராஜன், புற்றுநோய் மரபணு ஆய்வின் முன்னோடியான ராபர்ட் வெயின்பர்க்கின் அமெரிக்க ஆய்வகத்தில் இதே போஸ்ட் டாக் பயிற்சியைப் பெற்றவர். இந்தியாவின் முதல் 'கார்-டி' செல் சிகிச்சையான நெக்ஸ்கார்19-ஐ மும்பை ஐஐடியில் உருவாக்கிய ராகுல் புர்வார், ஹார்வர்டில் போஸ்ட் டாக் ஆக இருந்துவிட்டு வந்தவர். டாடா நினைவு மையத்துடன் இணைந்து உருவான அந்தச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில், கிரண் மஜும்தார் ஷாவும் சித்தார்த்த முகர்ஜியும் இணைந்து தொடங்கிய பெங்களூரு நிறுவனமான 'இம்யூனீல்' இதே வகையில் இரண்டாவது சிகிச்சையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. வெளிநாட்டில் கிடைத்த பயிற்சி, திரும்பி வந்தபோது கிடைத்த ஓர் ஆய்வகம், பக்கத்தில் ஒரு மருத்துவமனை ஆகிய மூன்றும் கூடியதால் இது சாத்தியமாயிற்று. எத்தனை பேருக்கு இம்மூன்றும் ஒன்றாக வாய்க்கிறது என்பதே கேள்வி.

உதவித்தொகைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் குறையே தெரியாது. உயிரி தொழில்நுட்பத் துறையின் ஆராய்ச்சி இணையர் உதவித்தொகை இருக்கிறது. நாடு முழுவதற்குமான அதன் ஒருங்கிணைப்புப் பணி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில்தான் நடந்து வந்திருக்கிறது. அதே துறை, மறைந்த செயலர் எம்.கே. பான் பெயரில் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு திட்டம் வைத்துள்ளது. வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கு ராமலிங்கசுவாமி பெயரில் ஒன்று, ராமானுஜன் பெயரில் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தன் நிறுவனங்களில் தனியாக ஒன்று தருகிறது. இந்திய அறிவியல் கழகம் சர் சி.வி. ராமன் பெயரில் தானே வழங்குகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகை. முன்பு அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்தியது. அந்த வாரியம் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் கரைந்துவிட்டது. பெரியவர்களின் பெயர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. பஞ்சம் எல்லாம் ஆண்டுகளுக்குத்தான்.

வாரியத்தின் காலத்தில் தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகையின் காலம் இரண்டே ஆண்டுகள். மாதம் 55,000 ரூபாயும், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயும் கிடைத்தன. விண்ணப்பிப்பவருக்கு வயது 35-க்குள் இருக்க வேண்டும்; பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கும் ஐந்தாண்டு தளர்வு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழையும் மாணவி இளநிலைக்கு மூன்று, முதுநிலைக்கு இரண்டு, முனைவர் பட்டத்துக்கு ஆறு என்று ஆண்டுகளைக் கழித்து வெளியே வரும்போது 29 வயது. இரண்டாண்டு போஸ்ட் டாக் முடிந்தால் 31. அதற்குள் நல்லதோர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும். அந்தக் கட்டுரைதான் அடுத்த வேலைக்கான அனுமதிச் சீட்டு.

புற்றுநோய் ஆய்வில் இரண்டாண்டு எதற்குப் போதும்? விலங்குகளில் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும். மருத்துவமனையிலிருந்து நோயாளியின் திசுவைப் பெற இன்னொரு குழுவின் அனுமதி வேண்டும். வேதிப் பொருள்களும் ஆன்டிபாடிகளும் பெரும்பாலும் இறக்குமதி. கொள்முதல் விதிகளில் சிக்கி அவை வந்து சேருவதற்குள் ஒரு பருவம் கழிந்துவிடும். இந்தக் கொள்முதல் முடிச்சை 2025 ஜூனில்தான் நிதி அமைச்சகம் ஓரளவு தளர்த்தியது. அறிவியல் நிறுவனங்களின் இயக்குநர்கள் ஒப்பந்தப்புள்ளி இன்றி நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாயிற்று. நல்லதுதான், பல ஆண்டுகள் கதறிய பிறகு கிடைத்த நல்லது. இவ்வளவும் கடந்து எலியின் உடலில் கட்டி வளர்ந்து, மருந்து கொடுத்து, மீண்டும் வருகிறதா என்று பார்க்கும் நேரத்தில் ஆய்வாளரின் உதவித்தொகை முடிந்திருக்கும். சிகிச்சைக்குப் பின் நோயாளி ஐந்தாண்டு பிழைத்திருக்கிறாரா என்பதைத்தான் மருத்துவ உலகம் அளவுகோலாகக் கொள்கிறது. அதை ஆராயப் புறப்படுபவருக்கு அரசு கொடுக்கும் காலமோ அதில் பாதிகூட இல்லை.

நீண்ட காலம் பொறுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை என்ற சிற்றூரை மையமாக வைத்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறிய விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறை. செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. 30 முதல் 59 வயது வரையிலான ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள், பரிசோதிக்கப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பில் விடப்பட்டவர்கள் என்று இரு பிரிவாகக் கண்காணிக்கப்பட்டனர். பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் பணியாற்றிய ஆர். சங்கரநாராயணனும், அம்பிளிக்கை மையத்தின் ஆர். ராஜ்குமாரும் உள்ளிட்ட குழுவின் முடிவுகள் 2007-இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. பரிசோதனை நடந்த பிரிவில் நோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. உலகமெங்கும் ஏழை நாடுகளின் சுகாதாரத் துறைகள் மேற்கோள் காட்டும் ஆய்வு அது. தொடக்கத்திலிருந்து அச்சேறும் வரை ஏழாண்டுகள். அதற்கு வேண்டிய நிதி வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பணம் குறைவு என்பதை விட, பணம் வரும் விதம் குறித்த மனக்குறைதான் ஆய்வகங்களில் அதிகம். 2014-இல் ஆராய்ச்சி இணையரின் தொடக்கநிலை ஊதியம் 36,000 ரூபாய். அடுத்த உயர்வுக்கு 2019 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் நாடெங்கும் ஆய்வாளர்கள் வீதிக்கு வந்து, தில்லியில் போராடியவர்களைப் போலீஸார் பிடித்துச் சென்ற பிறகு 47,000 ஆயிற்று. 2023-இல் 58,000 ஆனது. உயர்வு நியாயமானதே. ஆயினும், நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போராட்டம் நடத்தினால்தான் அறிவிப்பு வரும் என்ற நிலை, அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி தானே வந்து சேரும் நாட்டில் உறுத்தலானது. அமைச்சரவை இரண்டையும் ஒரே நாளில் விவாதித்தபோது யாருக்கேனும் இது தோன்றியதா என்று தெரியவில்லை.

அறிவிக்கப்பட்ட தொகையும் மாதம் தவறாமல் வருவதில்லை. மத்திய திட்டங்களின் பணம் வங்கிக் கணக்குகளில் வீணே தேங்கக் கூடாது என்பதற்காக நிதி அமைச்சகம் 2022-இல் புதிய நிதி வழங்கு முறையைக் கொண்டு வந்தது. நிறுவனங்களின் கணக்கில் இருப்பு வைக்காமல், செலவாகும்போது மட்டும் மையக் கணக்கிலிருந்து எடுக்கும் முறை. சாலைக்கும் கட்டடத்துக்கும் இது பொருந்தலாம். ஆய்வாளரின் சம்பளம் வேறு வகை. மார்ச் 31-ஆம் தேதி செலவழியாத தொகை திரும்பிப் போகிறது. புதிய நிதியாண்டில் ஆணை, பயன்பாட்டுச் சான்றிதழ், ஒப்புதல் என்று கோப்பு நகரத் தொடங்குகிறது. கோப்பு நகரும் வேகம் எல்லோரும் அறிந்ததே. 2025-இலும் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர்' உதவித்தொகை பெறுவோர் பல மாத நிலுவை குறித்துப் பகிரங்கமாகக் குரல் எழுப்பினர். பெங்களூரில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு நிலுவை என்றால் என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழக்கமுள்ள நகரம் அது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் பெறும் ஆராய்ச்சி நல்கைக்கு வரி விலக்கு அளித்தது. அதே கூட்டத்தில் மூன்று புற்றுநோய் மருந்துகளின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்கைக்கு வரி கேட்டு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனதே முதலில் விந்தை. நோயாளிக்கான மருந்துக்குச் சலுகை தரவும், அந்த மருந்தைத் தேடும் ஆய்வின் மீதான வரியை விலக்கவும் ஒரே மேஜையில் முடிவு செய்ய வேண்டியிருந்தது என்பதை அதிகாரிகள் கவனித்திருப்பார்கள்.

பெங்களூருக்கே உரிய இன்னொரு பிரச்னை தொலைவு. தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இன்ஸ்டெமும் நகரின் வடக்கே பல்லாரி சாலையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கின்றன. கித்வாய் நகரின் தெற்கே ஓசூர் சாலைப் பக்கம். இடையே ஹெப்பாள் மேம்பாலமும் மற்றவையும். அறுவை அரங்கில் எடுத்த திசு ஆறிப்போவதற்குள் பனிப்பெட்டியில் வைத்து வடக்கே கொண்டுபோக வேண்டிய இளைஞர் அந்தச் சாலையில் நிற்கும் நேரம் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இடம்பெறுவதில்லை. இது வெறும் சாலைத் தொலைவாக இருந்தால் சமாளிக்கலாம். நாள் முழுதும் நோயாளிகள் வரிசையில் நிற்கும் அரசு மருத்துவமனையில் மருத்துவருக்கு ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட நேரம் என்று ஒன்று அரிது. எலியில் கட்டியை வளர்க்கத் தெரிந்தவருக்கோ நோயாளியைப் பார்த்த அனுபவம் இல்லை. இருவரும் ஒரே மொழி பேசிய இடங்களில் பலன் கிடைத்திருக்கிறது. மூளையில் தோன்றும் கிளையோமா கட்டிகள் குறித்து இந்திய அறிவியல் கழகத்தின் குமரவேல் சோமசுந்தரம் குழுவினரும் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தது இதற்கு நல்ல உதாரணம். மருத்துவர்களை ஆய்வுக்கு இழுக்க இந்தியா அலையன்ஸ் தனியே மருத்துவ, பொதுச் சுகாதார உதவித்தொகைகளை வைத்திருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு வரும் மருத்துவரை வார்டிலிருந்து பாதி நாள் விடுவிக்க மருத்துவமனை தயாராக இருக்க வேண்டும். மாநில அரசு ஊழியர் விதிகளை மாற்றாமல் இது நடக்காது. அதை தில்லி செய்ய முடியாது. விதான சௌதாதான் செய்ய வேண்டும்.

தமிழகத்துக்கும் இது பொருந்தும். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதைச் சிகிச்சையோடு நிறுத்திவிடவில்லை. புற்றுநோய் மருத்துவத்துக்கும் அறுவைக்கும் இந்தியாவின் முதல் உயர் சிறப்புப் பட்டப் படிப்புகள் 1984-இல் அங்கேதான் தொடங்கின. ஆய்வு, பயிற்சி, சிகிச்சை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று சாந்தா இறுதிவரை சொல்லி வந்தார். 2021 ஜனவரியில் மறைந்தார். அந்தக் கூரையின் கீழ் எத்தனை போஸ்ட் டாக் இடங்கள் அரசுப் பணத்தில் இருக்க வேண்டும் என்று தமிழகத்தின் எந்தக் கட்சியும் கேட்டதாக நினைவில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை சட்டப்பேரவையில் பேசப்படும் அளவுக்கு, ஆய்வாளர் எண்ணிக்கை பேசப்படுவதில்லை.

நன்கொடையாளர்களும் விதிவிலக்கல்ல. பெங்களூரில் தகவல் தொழில்நுட்பத்தில் ஈட்டிய செல்வத்தை அறிவியலுக்குக் கொடுத்தவர்கள் பலர். இந்திய அறிவியல் கழக வளாகத்தில் 800 படுக்கை மருத்துவமனை அமைக்க 2022 பிப்ரவரியில் பாக்சி, பார்த்தசாரதி தம்பதியர் 425 கோடி ரூபாய் அளித்தனர். கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் அறக்கட்டளை அதே வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையத்தை உருவாக்கியது. பெருமைக்குரிய கொடைகள். இருந்தாலும் கட்டடமாகவும் மையமாகவும் கொடுப்பதில் இருக்கும் ஆர்வம், ஆள்களுக்குச் சோறு போடுவதில் குறைவு.

அமெரிக்காவில் டேமன் ரன்யன் என்றொரு பத்திரிகையாளர் இருந்தார். சிறுகதை ஆசிரியருமாகப் புகழ்பெற்றவர். 1946-இல் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். அவருடைய நண்பரும் பத்தி எழுத்தாளருமான வால்டர் வின்செல் தன் வானொலி நிகழ்ச்சியில் நேயர்களிடம் நிதி கேட்டார். சில்லறைச் சில்லறையாகச் சேர்ந்த அந்தப் பணத்தில் உருவான அறக்கட்டளை இன்றும் இருக்கிறது. இளம் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு நான்காண்டு போஸ்ட் டாக் உதவித்தொகை தருகிறது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களோ 2006-இல் வேறொரு வழி கண்டன. போஸ்ட் டாக் ஆக இரண்டாண்டு வரை, வேலை கிடைத்துச் சொந்த ஆய்வகம் தொடங்கிய பின் மூன்றாண்டு வரை, ஒரே நல்கை ஆய்வாளரைத் தொடர்ந்து வரும். இடையில் விழுந்துவிடாமல் கரை சேர்க்கும் ஏற்பாடு. நம் தேசிய உதவித்தொகையில் இல்லாதது இதுதான்.

அந்த அமெரிக்காவே 2025-இல் தன் ஆய்வு நிதியை வெட்டியது. தேசிய சுகாதார நிறுவனங்களின் நல்கைகள் பல பாதியில் நிறுத்தப்பட்டன. செப்டம்பரில் புதிய எச்-1பி விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். ஐரோப்பா காத்திருக்கவில்லை. மே மாதமே பாரீஸின் சார்போன் பல்கலைக்கழகத்தில் கூடி, உலகின் ஆய்வாளர்களை ஈர்க்க 50 கோடி யூரோ ஒதுக்குவதாக அறிவித்துவிட்டது. பாஸ்டனிலும் ஹூஸ்டனிலும் புற்றுநோய் ஆய்வகங்களில் உள்ள இந்திய இளைஞர்கள் அப்போது ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால், அவர்கள் கண்ணில் பட்டிருப்பது வயது வரம்புகளும் விண்ணப்பக் கடைசித் தேதிகளும்தான். இந்தியா அலையன்ஸ் வயது வரம்பு வைக்காமல், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளையே கணக்கில் கொள்கிறது. குழந்தைப் பேற்றுக்காகச் சில ஆண்டு ஆய்வகத்தை விட்டு விலகிய பெண்ணுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றத் துறைகள் இதைப் பின்பற்ற ஒரு சுற்றறிக்கை போதும். பணம் தேவையில்லை.

வெளிநாடு போக விரும்புவோருக்கு வேறு கதவுகளும் உண்டு. அவை பலருக்குத் தெரிவதில்லை. லியோன் முகமை, வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்த இளம் ஆய்வாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் போஸ்ட் டாக் வாய்ப்பு தந்து வருகிறது. ஜெனீவாவிலுள்ள சர்வதேசப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கம் குறுகிய காலத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு உதவுகிறது. அதன் ஒரு நல்கைக்கு யமகிவா-யோஷிடா என்று ஜப்பானியர் இருவரின் பெயர். முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் தடவிப் புற்றுநோயைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டியவர் யமகிவா. 1915-இல் உலகம் அறிந்த அந்தச் சோதனைக்கு மூலதனம் பொறுமைதான்.

இவ்வளவுக்கும் நடுவே நாடாளுமன்றம் என்ன செய்கிறது? அனுசந்தான் அறக்கட்டளை மசோதா 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையிலும் 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மணிப்பூர் விவகாரத்தில் அவைகள் கொந்தளித்துக் கிடந்த வாரம் அது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் அரசின் பங்கு 14,000 கோடி, மீதி 36,000 கோடி தனியாரிடமிருந்தும் பிற வழிகளிலிருந்தும் வரும் என்றார்கள். அந்த 36,000 கோடி எங்கிருந்து வரும் என்று உரக்கக் கேட்க அவையில் போதிய ஆள் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் சுகாதாரத் துறைக்கான நிலைக்குழு புற்றுநோய் குறித்து விரிவான அறிக்கை தந்தது. நோயைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்க வேண்டும் என்ற அதன் பரிந்துரை பத்திரிகைகளில் இடம் பிடித்தது. ஆராய்ச்சி பற்றிய பகுதி அறிக்கையிலேயே தங்கிவிட்டது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாவது 2020-21-இல் 0.64 சதவீதம் என்ற புள்ளிவிவரத்தை எல்லாக் கட்சியினரும் மேடையில் சொல்கிறார்கள். வெளியேறிய போஸ்ட் டாக் ஆய்வாளர்களில் எத்தனை பேருக்கு ஐந்தாண்டு கழித்து ஆய்வுப் பணி இருக்கிறது என்ற கணக்கைக் கேள்வி நேரத்தில் கேட்டு வாங்க ஓர் உறுப்பினர் போதும். தமிழகத்தின் 39 பேரில் ஒருவராக அவர் இருந்தால் கேட்பதற்குத் தகுதியும் உண்டு. பெங்களூரு ஆய்வகங்களின் வருகைப் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் குறைவல்ல.

2025-26 பட்ஜெட்டில் மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேர சிகிச்சை மையம் அமைக்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதே உரையில் ஐஐடிகளிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் ஐந்தாண்டுகளில் 10,000 பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகைகள் என்றும் சொன்னார். பிரதமர் உதவித்தொகை முனைவர் பட்டத்துக்கானது. பட்டம் பெறுவோர் தொகை கூடும். பட்டத்துக்குப் பின் அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு அந்த உரையில் இதே அளவு ஏற்பாடு இல்லை.

மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் அளித்த அமைச்சரவைக் குறிப்பில் ஒரு வரி உண்டு. புதிய உதவித்தொகைகள் 2030-31 வரை வழங்கப்படும். அதற்குள் வழங்கப்பட்டவற்றுக்கு 2037-38 வரை பணம் தொடரும். 2025 ஜூனில் திருச்சியிலோ மதுரையிலோ இளநிலை உயிரி தொழில்நுட்பத்தில் சேர்ந்த மாணவி, எந்த ஆண்டும் வீணாகாமல் படித்து முனைவர் பட்டம் பெறும்போது 2036 ஆகியிருக்கும். அவர் பெங்களூரு வந்து விண்ணப்பப் படிவம் கேட்கும்போது எந்தத் திட்டத்தின் எத்தனையாவது கட்டம் நடப்பில் இருக்கும் என்று உயிரி தொழில்நுட்பத் துறையிடம் இப்போதே கேட்டுவைக்கலாம்.